அழிப்பானை வாங்கி வைத்த நாள்

ஓவிய வகுப்பில் நான் அதிகம் கேட்ட பேச்சு, "மிஸ், எனக்கு வரையவே வராது." சின்ன வயதில் சுவரெல்லாம் கிறுக்கிய பிள்ளைகள்தான். பத்து வயதை ஒட்டி, தாங்கள் வரைந்தது அசல் மாதிரி இல்லை என்று தெரிய ஆரம்பிக்கிறது. கண் முந்திக்கொள்கிறது, கை பின்தங்கிவிடுகிறது. அப்புறம் என்ன, அழிப்பான்தான். ஒரு பையன் பாடவேளை முழுக்க ஒரே மூக்கை அழித்து அழித்துத் தாளையே ஓட்டையாக்கிவிட்டான்.

அடுத்த வகுப்பில் எல்லா அழிப்பானையும் வாங்கி மேசை டிராயரில் போட்டேன். தாளைப் பார்க்காமல் அவரவர் இடது கையை வரையச் சொன்னேன். கண் எறும்பு மாதிரி விளிம்பில் ஊர வேண்டும். பென்சிலும் அதே வேகத்தில் நகர வேண்டும், தூக்கக் கூடாது. நியூயார்க்கில் ஓவியம் கற்பித்த கிமோன் நிக்கோலைடீஸ் தன் மாணவர்களுக்குக் கொடுத்த பயிற்சி இது. அவர் இறந்த பிறகு, 1941இல்தான் புத்தகமாக வந்தது. கோணல்மாணலான விரல்களைப் பார்த்து வகுப்பே சிரித்தது. ஆனால் மூக்குப் பையனின் தாளில் கட்டைவிரல் மூட்டின் சுருக்கங்கள் ஒவ்வொன்றாக இருந்தன. அவன் அதுவரை அப்படி எதையும் உற்றுப் பார்த்ததில்லை.

மறுமொழி:

என் வகுப்பில் எல்லோரும் கண்ணை நெற்றியில் கொண்டுபோய் வைப்பார்கள். உச்சந்தலைக்கும் தாடைக்கும் சரிபாதியில்தான் கண் என்றால் நம்ப மாட்டார்கள். சரி, பென்சிலை நீட்டி என் தலையையே அளந்து பாருங்கள் என்றேன். அளந்த மாணவி, "சரிதான் சார். உங்களுக்கு முடி இல்லாததால் சுலபமாகத் தெரிகிறது" என்றாள்.

மறுமொழி:

நான் வடிவமைப்பு எடுக்கிறேன். சிவப்பு, பச்சை மாதிரி எதிர் நிறங்களைப் பக்கத்தில் வைத்தால் பளிச்சென்று இருக்கும் என்று சொல்லியிருந்தேன். ஒரு குழு பச்சைப் பின்னணியில் சிவப்பு எழுத்துகளோடு சுவரொட்டி செய்து வந்தது. "இதில் எழுத்து எங்கே இருக்கிறது?" என்று ஒரு மாணவன் கேட்டான். குறும்பு செய்கிறான் என்று நினைத்து அதட்டிவிட்டேன். உண்மையிலேயே அவனுக்கு அந்த இரண்டும் பிரிந்து தெரியவில்லை. சிவப்பு-பச்சை நிறக்குருடு. அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண் பிள்ளைகளிடம்தான் இது அதிகம். எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த நேரம் தோன்றவில்லை. வகுப்பு முன்னாலேயே மன்னிப்புக் கேட்டேன்.

அப்புறம் அந்தச் சுவரொட்டியைக் கைபேசியில் கருப்பு வெள்ளையில் படம் எடுத்தோம். எங்களுக்கும் எழுத்து காணாமல் போனது! நிறம்தான் வேறு, அடர்த்தி ஒன்று. இப்போது அந்தக் குழு எதைச் செய்தாலும் முதலில் அவனிடம் காட்டிவிட்டுத்தான் என்னிடம் வருகிறது.

அது சரி, அந்த அழிப்பான்களைத் திருப்பிக் கொடுத்தீர்களா?

மறுமொழி:

கொடுத்தேன். நான்கு மட்டும் டிராயரிலேயே கிடக்கின்றன. யாருடையவை என்று கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை.