ஏரோசாலுக்கு ‘வளிமிதவை’

காற்றில் மிதக்கும் நுண்ணிய திண்மத் துகள்களையும் நீர்மத் துளிகளையும் சேர்த்து ஏரோசால் என்கிறோம். அதற்குத் ‘தூசிப்படலம்’ ஏற்கெனவே இருக்கிறதே, இன்னொரு சொல் எதற்கு என்று கேட்பது நியாயம்தான். உலர்ந்த காற்றை மட்டும் அளப்பவர்களுக்கு அதுவே போதும் என்று நானும் விட்டிருப்பேன். வெப்பமண்டலக் காற்றுக்கு வந்தால்தான் அந்தச் சொல் கைகொடுக்க மறுக்கிறது.

கடலுப்புத் துகள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டியதும் அது நீரை இழுத்துக் கரைந்து துளியாகிவிடும். விட்டம் இரு மடங்கானால் கன அளவு எட்டு மடங்கு. வெயில் ஏறி ஈரப்பதம் இறங்கினாலும் உடனே உலராது; ஏறத்தாழ 45 விழுக்காடு வரை துளியாகவே நிற்கும். கடலோர வெப்பமண்டலத்தில் பல நாள்களில் ஈரப்பதம் அவ்வளவு கீழே போவதே இல்லை. ஆக நாம் ‘தூசி’ என்று சொல்வது நாள் முழுக்க நீர்த்துளியாகத்தான் மிதந்துகொண்டிருக்கிறது. ஒளிச்சிதறலை வைத்து அளக்கும் சிறிய கருவிகள் விடியற்காலையில் மாசு ஏறிவிட்டதாகக் காட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஏறியதில் ஒரு பங்கு நீர்.

துகள்களை வடிதாளில் பிடித்து எடை பார்க்கிறவர்கள் இதை நன்றாக அறிவார்கள். மணிக்கு ஒரு கன மீட்டர் வீதம் 24 மணி நேரம் காற்றை இழுத்தபின், 47 மில்லிமீட்டர் வெள்ளை வட்டு சாம்பல் பூத்து வெளியே வரும். கன மீட்டருக்கு 30 மைக்ரோகிராம் இருந்த நாளென்றால் அதில் படிந்தது மொத்தமே 720 மைக்ரோகிராம், அதாவது தூள் உப்பில் பத்துப் பன்னிரண்டு மணி. இதில் கொஞ்சம் ஈரம் ஒட்டினாலும் கணக்கு போச்சு. அதனால்தான் அமெரிக்காவின் நியம அளவீட்டு முறையில், வடிதாளை 30 முதல் 40 விழுக்காடு ஈரப்பதத்தில் ஒரு நாள் வைத்திருந்த பிறகே தராசில் ஏற்றுகிறார்கள்.

இன்னொன்று. கந்தக டைஆக்சைடு காற்றிலேயே வேதிமாற்றம் அடைந்து சல்பேட்டாகிறது. தரையிலிருந்து எழாத, வளியில் பிறந்த ஒன்றைத் தூசி என்பது எனக்கு ஒப்பவில்லை. ‘படலம்’ என்றாலோ எங்கோ படிந்து மூடிய ஒன்றுதான் மனத்தில் வருகிறது.

‘நுண்துகள்’ நல்ல சொல். ஆனால் அது பிஎம் 2.5 (2.5 மைக்ரோமீட்டருக்கு மேற்படாத துகள்கள்) என்ற அளவீட்டுக்கு நாளிதழ்களில் ஊன்றிவிட்டது, அங்கேயே இருக்கட்டும். ‘வளிக்கூழ்மம்’ வேதியியல்படி சரி, ஆனால் கூழ் என்ற கெட்டியான நினைப்பை உதற முடியவில்லை.

எனவே ‘வளிமிதவை’. திண்மமா நீர்மமா என்று அது முன்கூட்டியே தீர்ப்புச் சொல்வதில்லை. மிதக்கிறது என்கிறது, அவ்வளவே. மிதவை என்றால் தெப்பமல்லவா என்ற தயக்கம் எனக்கும் இருந்தது. அப்புறம் ‘மிதவை உயிரி’ நினைவுக்கு வந்தது: நீரோட்டம் இழுத்த பக்கம் போகும் சிற்றுயிர்கள். காற்றோட்டம் இழுத்த பக்கம் போகும் இவற்றுக்கும் அதே உருவகம் அழகாகப் பொருந்துகிறது. கடலுப்பு வளிமிதவை, கரிப்புகை வளிமிதவை, உயிரி வளிமிதவை என்று கிளைக்கவும் செய்கிறது.

செயற்கைக்கோள் தரவில் வரும் ‘வளிமிதவை ஒளி ஆழம்’ மட்டும் இன்னும் உறுத்துகிறது. அங்கே ஆழம் எதுவும் இல்லை. வரும் ஒளியை வழியில் எவ்வளவு குறைக்கிறது என்பதுதான் அளவு. ‘ஒளிமறைப்பளவு’ என்று வைத்துப் பார்க்கலாமா?