கூரைக்கு ஷீட் போட்டவர்கள், ஓடு போட்டவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நானே தொடங்குகிறேன். மாடியில் ஒரு அறை எடுத்தோம். 12 சென்டிமீட்டர் கான்கிரீட் தளம் என்றால் சதுர மீட்டருக்கு 300 கிலோ. கீழ்ச்சுவர் தாங்காது என்றார்கள். அரை மில்லிமீட்டர் இரும்பு ஷீட் 5 கிலோ பக்கம்தான். சரி என்று அதையே போட்டோம்.

மழைச் சத்தத்தை எதிர்பார்த்தோம். சாயங்கால ‘டக் டக்’கை எதிர்பார்க்கவில்லை. யாரோ நடக்கிறார்கள் என்று டார்ச்சோடு ஏறிப் பார்த்தேன், ஆளில்லை. ஆறு மீட்டர் இரும்பு ஷீட் 40 டிகிரி ஆறினால் 3 மில்லிமீட்டர் வரை சுருங்கும், ஸ்க்ரூ விடாது. அந்த இழுபறிதான் சத்தம்.

நாலாவது வருஷம் ஒழுகியது. துரு என்று நினைத்தால், ஷீட் புதுசு போல இருந்தது. ஸ்க்ரூவுக்கு அடியில் இருக்கும் ரப்பர் வாஷர் விரல் பட்டதும் பொடிந்து உதிர்ந்தது. ஸ்க்ரூக்கள் ஷீட்டின் மேட்டில் இல்லை, தண்ணீர் ஓடும் பள்ளத்தில். அப்படியும் அடிப்பதுண்டு, ஆனால் வாஷர் போனால் அவ்வளவுதான்.

* * *

நாங்கள் ஓட்டு வீடு. ஓடுகளின் இடுக்கு வழியாகச் சூடு மேலே போய்விடும், அது பெரிய நிம்மதி. ஆனால் ஒழுகுவது எந்த ஓடு என்று கண்டுபிடிப்பது தனி வித்தை. சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலே தேடாதீர்கள். தண்ணீர், ஓடு உட்காரும் ரீப்பர் கட்டையைப் பிடித்துக்கொண்டு எங்கிருந்தோ வரும். பகலில் அறையை இருட்டாக்கிவிட்டு அண்ணாந்து பார்த்தால் ஊசிமுனை வெளிச்சம் தெரியும், அங்கேதான் விரிசல். மாற்றுவது சுலபம், மேல் ஓட்டைத் தூக்கிச் செருக வேண்டியதுதான். கட்டை இல்லாத இடத்தில் கால் வைத்து, ஒரு ஓடு மாற்றப் போய் மூன்றை உடைத்தவன் நான்.

* * *

பழைய ஆஸ்பெஸ்டாஸைக் கழற்றப் போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள். நாங்கள் சுத்தியலால் உடைத்து இறக்கினோம். தூசியை விளக்குமாற்றால் பெருக்கியது நான். அந்தத் தூசியில் இருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் நார் நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரை கொண்டுபோகும், அதுவும் பல வருஷம் கழித்து. உடைக்கவோ துளைக்கவோ அறுக்கவோ கூடாது. நனைத்து, முழுத் தகடாக இறக்கி, பிளாஸ்டிக்கில் சுற்ற வேண்டும். பயிற்சி உள்ளவர்களைக் கூப்பிடுவதே நல்லது.

* * *

கான்கிரீட் தளம் போட்ட வீட்டுக்காரன் பேசுகிறேன். பகல் பரவாயில்லை. சேர்த்துவைத்த சூட்டை அது ராத்திரியில்தான் இறக்கும். ஃபேன் போட்டால் அனல் காற்று. மேலே வெள்ளைப் பூச்சு அடித்தபின் குறைந்தது. தூசி படிந்து பழுப்பேறினால் பழைய கதைதான், கழுவ வேண்டும்.

* * *

முதலில் எழுதியவன்தான். வாஷர் எல்லாம் மாற்றியாயிற்று, ஒழுகல் நின்றது. டக் டக் அப்படியேதான். டார்ச் எடுப்பதில்லை.