லேபர் வார்டு நர்ஸ், மிட்வைஃபரிக்கு மாறலாமா?

கயல்_லேபர்வார்டு கேட்டது:

நர்சிங் டிகிரி முடித்து லேபர் வார்டில் வேலை செய்கிறேன். மற்ற வார்டுகளில் போட்டால் மனசே ஒட்டவில்லை, பிரசவம் பார்க்கிற வேலைதான் பிடித்திருக்கிறது, அதனால் முழுநேர மிட்வைஃபாக மாறலாமா என்று யோசிக்கிறேன். ஆனால் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நர்சிங்கிலேயே அது ஒரு பாடம்தானே, தனியாக எதற்குப் படிக்கணும் என்கிறார் சீனியர் ஒருவர். கூட வேலை செய்கிறவரோ ஆன்லைனில் சில வாரத்துக் கோர்ஸ் இருக்கிறது, சான்றிதழ் வாங்கினால் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்கிறார். இது உண்மையிலேயே தனித் தொழிலா? டாக்டர் இல்லாமல் நானே எதுவரை முடிவெடுக்க முடியும்? சம்பளத்தை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன், முதலில் இது தெரியணும்.

பனிக்குடம் எழுதியது:

அந்தச் சில வாரத்துக் கோர்ஸுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் அது டவுலா பயிற்சியாக இருக்கும். டவுலா நல்ல வேலைதான், வலி நேரத்தில் தாயின் பக்கத்தில் இருந்து தைரியம் சொல்வது, முதுகு பிடித்துவிடுவது, வீட்டாருக்கு நிலைமையைப் புரியவைப்பது. ஆனால் உள்பரிசோதனை, குழந்தையின் இதயத்துடிப்பு பார்ப்பது, மருந்து கொடுப்பது எதுவும் அதில் கிடையாது. மிட்வைஃப் என்பது நிறைய நாடுகளில் சட்டத்தால் காக்கப்பட்ட பட்டம், பதிவேட்டில் பெயர் இல்லாமல் அப்படிச் சொல்லிக்கொண்டாலே குற்றம். இங்கிலாந்தில் 1902-லேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது.

சர்வதேச மிட்வைஃப்கள் கூட்டமைப்பின் தரப்படி நர்சிங் படிக்காமல் நேரடியாகச் சேர்கிறவர்களுக்குக் குறைந்தது 3 ஆண்டு, நர்சிங் முடித்தவர்களுக்குக் குறைந்தது 18 மாதம். அதில் பாதியாவது நேரடிப் பயிற்சியாக இருக்கணும். பிரிட்டனில் நர்சிங்குக்கும் மிட்வைஃபரிக்கும் பதிவு கொடுக்கிற கவுன்சில் ஒன்றுதான், ஆனாலும் பதிவு தனித்தனி. நர்ஸாக மட்டும் பதிவு செய்தவர் மிட்வைஃபாக வேலை செய்ய முடியாது. உங்கள் சீனியரிடம் இதைச் சொல்லுங்கள்.

முடிவெடுப்பதைக் கேட்டீர்களே, அதுதான் விஷயமே. சிக்கல் இல்லாத கர்ப்பம், சுகப்பிரசவம், அதற்குப் பிறகு சில வாரங்கள் தாய்க்கும் குழந்தைக்குமான கவனிப்பு, இதெல்லாம் உங்கள் சொந்தப் பொறுப்பு. நியூசிலாந்தில் 1990 முதல் டாக்டர் மேற்பார்வை இல்லாமலே முழுப் பொறுப்பையும் மிட்வைஃப் எடுத்துக்கொள்ளலாம். வலி தொடங்கியதும் குழந்தையின் துடிப்பை 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு முறையும், முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒரு முறையும் கேட்டுக்கொண்டே இருக்கணும். துடிப்பு இறங்கி ஏறாமல் நிற்கிறது, பிபி ஏறுகிறது, ரத்தப்போக்கு 500 மில்லியைத் தாண்டுகிறது என்றால் உடனே முதலுதவியை ஆரம்பித்துக்கொண்டே டாக்டரைக் கூப்பிடணும். நர்ஸாக இருக்கும்போது டாக்டரிடம் சொல்லிவிட்டேன் என்றால் பாதிப் பாரம் இறங்கிவிடும். இங்கே எப்போது சொன்னீர்கள், ஏன் அதற்கு முன்னால் சொல்லவில்லை என்பதுதான் கேள்வியாக வரும்.

இரவுமணி3 எழுதியது:

மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் கொஞ்சம் அழகாகவே சொல்லிவிட்டார். நான் மிட்வைஃபாக இருந்துவிட்டுத் திரும்ப நர்சிங்குக்கே வந்தவள். வேலை பிடிக்காமல் வரவில்லை. ஒரே மிட்வைஃப் கர்ப்பம் முதல் கடைசி வரை கூடவே இருந்து பார்க்கிற முறை தாய்மார்களுக்கு மிகவும் நல்லது, ஆனால் அந்த மிட்வைஃபின் போன் ராத்திரியிலும் ஒலித்துக்கொண்டே இருக்கும், வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் யாராவது கைகொடுக்காமல் முடியாது. அப்புறம் எழுத்து வேலை. பார்த்தது, சொன்னது, கொடுத்தது எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதணும், எழுதாததைச் செய்யாததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். புகார் வந்தால் மருத்துவமனையோடு முடியாது, கவுன்சில் உங்கள் பெயரையே விசாரிக்கும். காப்பீடு இல்லாமல் தனியாகப் பிரசவம் பார்க்கவே கூடாது. ஷிஃப்ட் முறையில் மிட்வைஃப் வேலை கிடைக்கிற இடமாகப் பாருங்கள், அது தாங்கும்.

கயல்_லேபர்வார்டு:

நன்றி, இரண்டு பேருக்கும். இன்னொன்று. வார்டில் ஏற்கெனவே நிறையப் பிரசவங்களில் கூட நின்றிருக்கிறேன், சிலதை நானே பார்த்துமிருக்கிறேன். அது கணக்கில் வருமா?

கைக்கணக்கு எழுதியது:

மாணவிகளுக்குப் பாடம் எடுக்கிறேன், அதனால் சொல்கிறேன். அப்படியே வரும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். பொதுவாகப் படிப்பில் சேர்ந்த பிறகு, மேற்பார்வையாளர் கையெழுத்தோடு பதிவுப் புத்தகத்தில் ஏறியதுதான் கணக்கு. ஐரோப்பிய ஒன்றிய விதியில் மாணவி தன் கையாலேயே குறைந்தது 40 பிரசவம் பார்க்கணும். அவ்வளவு வாய்ப்பு இல்லாத இடத்தில் அதை 30 ஆகக் குறைக்கலாம், ஆனால் கூடுதலாக 20 பிரசவங்களில் உதவியாக நின்றிருக்கணும். அதோடு முடிந்ததா என்றால் இல்லை, 100 கர்ப்பகாலப் பரிசோதனை வேறு. குழந்தை தலைகீழாக இல்லாமல் பிட்டம் முதலில் வருகிற பிரசவம் நேரில் கிடைக்காவிட்டால் பொம்மையில் பயிற்சி எடுத்தாலும் போதும் என்கிறார்கள், அந்த அளவுக்கு எண்ணி எண்ணித்தான் கேட்பார்கள்.

வார்டு அனுபவம் கையில் நிற்கும், அது வீண் இல்லை. ஆனால் லேபர் வார்டு நர்ஸ்கள் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. அவர்கள் அவசரத்தை நிறையப் பார்த்தவர்கள், எல்லாம் சரியாகப் போகும்போது கையைக் கட்டிக்கொண்டு கவனிக்க முடியாமல் ஏதாவது செய்யப் பார்ப்பார்கள். அது பழகக் கொஞ்ச காலம் ஆகும்.

சேர்வதற்கு முன்னால் கல்லூரியிடம் கேட்காதீர்கள், அவர்கள் சீட்டை நிரப்பத்தான் பார்ப்பார்கள். எந்த நாட்டில் வேலை செய்யப் போகிறீர்களோ அந்தக் கவுன்சிலுக்கே எழுதி, இந்தப் படிப்பை வைத்து மிட்வைஃப் பதிவு கொடுப்பீர்களா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். பதிவு கிடைத்த பிறகும் புதுப்பிக்கணும். பிரிட்டனில் 3 ஆண்டுக்கு ஒரு முறை, 450 மணி நேர வேலையும் 35 மணி நேரப் படிப்பும் காட்டணும், நர்ஸ் பதிவையும் சேர்த்து வைத்துக்கொண்டால் வேலை நேரம் 900. இரண்டையும் வைத்திருக்கப் போகிறீர்களா, ஒன்றை விடப் போகிறீர்களா என்பதையும் இப்போதே யோசித்துவிடுங்கள்.