கலைச்சொல்: பொட்காஸ்டும் வானொலி விவரணமும்

அனுப்பியவர்: ஒலிப்பதிவுப் பட்டியல், நல்லூர்

எல்லாருக்கும் வணக்கம்.

எங்கள் நூலகத்தின் ஒலிப்பதிவுப் பட்டியலில் இரண்டு நிரல்கள் குழம்பிக் கிடக்கின்றன. ஒன்று ‘வடிவம்’, அதாவது நிகழ்ச்சி எப்படிச் செய்யப்பட்டது; மற்றது ‘வந்த வழி’, அதாவது கேட்பவரை எப்படி வந்தடைந்தது. வானொலி டொக்கியூமென்ரரி என்று வரவேண்டிய இடத்தில் விவரணம், ஆவணம், உரைச்சித்திரம், ஒலிச்சித்திரம் என்று நாலு சொல். பொட்காஸ்ட் வரவேண்டிய இடத்தில் வலையொலி, ஒலியோடை, பாட்காஸ்ட், பொட்காஸ்ட் என்று இன்னொரு நாலு. ஒன்றைத் தேடினால் மற்ற மூன்றும் அகப்படாது.

இரண்டு நிரலையும் ஒன்றாக்கிவிடலாம் என்று சிலர் கேட்கிறார்கள். அது பிழை. பிபிசி உலக சேவையின் விவரண நிகழ்ச்சி வானலையிலும் போகிறது, தரவிறக்கும் கோப்பாகவும் வருகிறது. வழி இரண்டு, வடிவம் ஒன்று. இரண்டு பேர் மைக்குக்கு முன்னால் இருந்து கிரிக்கெட் கதைப்பதும் பொட்காஸ்ட்தான். அதில் விவரணம் கிடையாது. அவுஸ்திரேலியாவின் எஸ்பிஎஸ் தமிழ் போன்ற வானொலிகள் ஒலிபரப்பானதைச் செவ்வி, செய்தி, விளக்கம் என்று துண்டு துண்டாக ஏற்றுகின்றன. அங்கே நிகழ்ச்சி என்ற அலகே கேட்பவரின் கண்ணில் படுவதில்லை.

ஆகவே வடிவத்துக்கு ஒரு சொல், வழிக்கு ஒரு சொல், தனிக்கோப்புக்கு ஒரு சொல் வேண்டும். சொல் தருகிறவர்கள், அதைத் தொலைபேசியில் சொன்னால் மறுமுனையில் இருப்பவர் சரியாக எழுதுவாரா, வேற்றுமை உருபு இடறாமல் ஒட்டுமா, அதிலிருந்து வேறு சொல் பிறக்குமா என்று பார்த்துவிட்டுத் தாருங்கள்.

———

அனுப்பியவர்: வானொலித் தயாரிப்பு (ஓய்வு), கொக்குவில்

தம்பி, முதலில் வடிவத்தை முடிப்போம்.

உரைச்சித்திரம் இலங்கை வானொலியில் நெடுங்காலம் புழங்கிய சொல். அதை அழிக்கவேண்டாம், ஆனால் விவரணத்துக்கு அதை வைக்கவும் வேண்டாம். உரைச்சித்திரத்தில் பிரதி முதலில் எழுதப்படும். ஆண்குரல் ஒன்று, பெண்குரல் ஒன்று மாறிமாறி வாசிக்கும், நடுவில் இசை பாலம் போடும், தேவைப்பட்ட இடத்தில் பாட்டோ மேற்கோளோ வரும். பதிவுக்கருவியைத் தூக்கிக்கொண்டு வெளியே போகமுடியாத காலத்து வடிவம் அது. வயல்காரரின் பேச்சை எழுதி வந்து, கலையகத்தில் நடிகர் ஒருவர் வாசிப்பார்.

விவரணத்தில் ஒழுங்கு தலைகீழ். களத்தில் பதிவு முதலில். பிறகு எந்த நிமிடத்தில் என்ன இருக்கிறது என்று குறிப்பெடுத்தல், பிறகு கடதாசியில் தொகுப்பு, அதன்பிறகு தொகுப்பு மென்பொருள். இணைப்புரை கடைசியில்தான், குரல்கள் சொல்லாமல் விட்ட இடத்தை நிரப்புவதற்கு மட்டும்.

பட்டியலிடுகிறவருக்கு ஒரு சோதனை சொல்கிறேன். இணைப்புரையை எடுத்துவிட்டால் மிச்சம் நிற்குமா? நின்றால் விவரணம், விழுந்தால் உரைச்சித்திரம். இணைப்புரையாளரே இல்லாத விவரணமும் உண்டு. 1958இல் பிபிசி ஒரு ரயில் சாரதியின் கதையை அவரை அறிந்தவர்களின் பதிவுசெய்த பேச்சையும் பாட்டையும் மட்டும் கோத்து ஒலிபரப்பியது. ஆகவே, ‘ஒருவர் விளக்கிச் சொல்வது’ என்று வரைவிலக்கணம் எழுதினால் நல்ல விவரணங்கள் வெளியே போய்விடும்.

இன்னொரு அடையாளமும் காதுக்குத் தெரியும். நல்ல விவரணத்தில் வெட்டு விழுந்த இடம் கேட்காது. பதிவுசெய்த ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த இடத்தின் வெற்றொலியைத் தனியாக எடுத்து வந்திருப்பார்கள். இரண்டு வசனங்களுக்கு நடுவில் அதை அடியில் விரிப்பார்கள். அதை எடுக்க மறந்தால், மின்விசிறி ஓடுகிற அறையில் எடுத்த செவ்வி ஒவ்வொரு வெட்டிலும் திடீரென்று செத்துச் செத்து உயிர்க்கும். பருத்தித்துறைக் கடற்கரை போன்ற இடமென்றால் காற்றுத்தடுப்பு உறை இல்லாமல் மைக்கை நீட்டவே கூடாது. காற்றின் அடிப்பு மைக்கின் சவ்வையே தள்ளுகிறது. 80 ஹேர்ட்சுக்குக் கீழே வெட்டினால் இரைச்சல் குறையும், ஆனால் அடிப்பில் சிதைந்த சொல் திரும்பி வராது.

ஒலிச்சித்திரம் வேண்டாம். தமிழகத்து வானொலியில் அது திரைப்படத்தின் ஒலித்தடத்தைச் சுருக்கிப் போடுகிற நிகழ்ச்சி. அக்கரை வானொலி கேட்டு வளர்ந்தவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பட வசனம்தான் ஞாபகம் வரும்.

ஆவணமும் வேண்டாம். எங்களுக்கு ஆவணம் என்றால் உறுதி, பத்திரம், காப்பகத்தில் இருக்கும் பொருள். ஒரு முதியவரின் வாய்மொழி வரலாற்றை வெட்டாமல் அப்படியே வைத்தால் அது ஒலி ஆவணம். அதில் கொஞ்சத்தை எடுத்துத் தொகுத்து ஒரு நிகழ்ச்சி செய்தால் அது வேறு. நூலகத்தில் இந்த இரண்டும் ஒரே பெயரில் போனால் பெரிய சிக்கல்.

விவரணப்படம் என்று ஏற்கெனவே சொல்கிறோம். ஒலி விவரணம் என்றால் ஒருவருக்கும் விளக்கம் தேவையில்லை.

———

அனுப்பியவர்: செயலி நிரலாக்கம், திருநெல்வேலி

ஐயா சொன்னதற்கு மறுப்பில்லை. பொட்காஸ்டுக்கு வருகிறேன்.

ஆங்கிலச் சொல்லைப் பிரித்து மொழிபெயர்க்கத் தேவையில்லை. 2004 பெப்ரவரியில் பென் ஹாமர்ஸ்லி என்ற பத்திரிகையாளர் பிரித்தானியாவின் கார்டியன் பத்திரிகைக் கட்டுரை ஒன்றில், அப்பிளின் பாட்டுக் கருவியான ஐபொட்டையும் ஒலிபரப்பையும் ஒட்டி, வேறு இரண்டு சொற்களோடு சேர்த்துச் சும்மா போட்டுப் பார்த்தது அது. ஐபொட்டையே 2022இல் அப்பிள் நிறுத்திவிட்டது. நாங்கள் பெயரிடவேண்டியது பொறிமுறைக்கு.

பொறிமுறை இதுதான். ஒரு தளத்தில் புதிதாக வருவதைச் செயலிகளுக்கு அறிவிக்கும் பட்டியல்தான் செய்தியோடை; அதை எழுதும் முறை ஆர்எஸ்எஸ். 2000 டிசம்பரில் அதன் 0.92 பதிப்பில் டேவ் வைனர் என்ற நிரலாளர் ஒரு கூறு சேர்த்தார். செய்தியோடையின் ஒவ்வொரு பதிவோடும் ஒரு கோப்பின் முகவரி, அது எத்தனை பைற்று, என்ன வகை என்ற மூன்றையும் அதில் எழுதலாம். கேட்பவரின் செயலி அந்த ஓடையை அடிக்கடி எட்டிப் பார்த்து, புதிது வந்தால் தானாக இறக்கும். இவ்வளவுதான் பொட்காஸ்ட். செய்தி வருவது செய்தியோடை என்றால் ஒலி வருவது ஒலியோடை. பழைய சொல்லின் பிள்ளை.

வலையொலியை ஏன் தள்ளுகிறேன் என்றால், யூரியூப்பை வலையொளி என்று எழுதுகிறவர்கள் ஏராளம். போனில் ஆங்கில எழுத்தில் அடித்தால் இரண்டும் ஒரே விசைத்தொடர். விசைப்பலகை எதை முதலில் காட்டுகிறதோ அதைத் தட்டிவிட்டுப் போவார்கள். கேட்பதற்கு ஒன்று, பார்ப்பதற்கு ஒன்று, நடுவில் ஒரு எழுத்து.

கடன்சொல்லை அப்படியே வைப்பதிலும் ஒரு நட்டம் இருக்கிறது. இலங்கையில் நாங்கள் பொட்காஸ்ட் என்கிறோம், தமிழகம் பாட்காஸ்ட் என்கிறது. தேடுபொறிக்கு இரண்டும் வேறுவேறு. உருபு சேர்த்தால் இன்னும் மோசம்: பொட்காஸ்டை, பொட்காஸ்ட்டை, பொட்காஸ்ற்றை.

———

அனுப்பியவர்: தமிழ் கற்பித்தல், சாவகச்சேரி

தம்பியின் வாதத்தில் ஓட்டை இருக்கிறது. ஒலியோடையும் ஒளியோடை ஆகலாம்தானே? ஒலிபரப்பு, ஒளிபரப்பு என்ற சோடியை வைத்துக்கொண்டு இவ்வளவு காலம் காலந்தள்ளுகிறோம். பத்திரிகைகளில் பிழை வருகிறது, உண்மை. அதற்காகச் சொல் சாகவில்லை. லகர ளகரத்தைக் காட்டி வலையொலியைத் தள்ளுவது நியாயமில்லை.

இரண்டாவது, ஓடை என்றால் ஓடிக்கொண்டே இருப்பது. நேரலையாகப் போகும் இணைய வானொலியைத்தான் சனம் ஒலியோடை என்று நினைக்கும். பொட்காஸ்ட் அப்படியல்ல, அது வந்து சேர்ந்து காத்திருப்பது. அதனால் ஒலியிதழ் என்ற சொல்லை முன்வைக்கிறேன். மின்னிதழ் இருக்கிறது. இதழ் என்றால் முறையாக வரும், பின்தொடரலாம், எண் இருக்கும்.

———

அனுப்பியவர்: வானொலித் தயாரிப்பு (ஓய்வு), கொக்குவில்

ஒலியிதழ் அழகான சொல், ரீச்சர். ஆனால் வானொலியில் சஞ்சிகை நிகழ்ச்சி என்று ஒரு வடிவம் இருக்கிறது: அரை மணிக்குள் செவ்வி, பாட்டு, குறிப்பு என்று பலதையும் சேர்த்துத் தருவது. ஒலியிதழ் என்றால் அதுதான் என்று எடுப்பார்கள். அச்சு இதழொன்றை வாசித்துப் பதிவுசெய்தால் அதற்கும் இந்தப் பெயர்தான் பொருந்தும். வடிவத்தையும் வழியையும் பிரிக்கத்தான் இந்த விவாதமே. இந்தச் சொல் திரும்ப ஒட்டிவிடும்.

———

அனுப்பியவர்: செயலி நிரலாக்கம், திருநெல்வேலி

ரீச்சர், லகர ளகர மயக்கம் வரலாம் என்பது வேறு, மயங்குவதற்கு இன்னொரு சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பது வேறு. வலையொளி இருக்கிறது. ஒளியோடை என்று எழுதுகிறவர் மிகக் குறைவு. பிழையாக எழுதினாலும் வேறு பொருளுக்குக் கொண்டுபோகாது.

ஓடையும் நேரலையும் குழம்பும் என்பதை ஏற்கிறேன். ஆனால் நேரடியாகப் போவதற்கு ‘நேரலை’ ஊன்றிவிட்டது. ஒலியோடை அதற்குத் தேவைப்படாது. செயலியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வரும்போது வித்தியாசம் தானாக விளங்கும்.

தனிக்கோப்புக்கு ‘அங்கம்’ போதும். தொலைக்காட்சித் தொடர்களால் எல்லாருக்கும் பழக்கம். அத்தியாயம் என்றால் புத்தகம். மேலும் ஒரே கோப்புக்குள் நேரக்குறி வைத்துப் பிரிக்கும் பகுதிகளுக்கு அது தேவைப்படும். பின்தொடரும் பொத்தானில் ‘சந்தா’ என்று போடவேண்டாம். இங்கே சந்தா என்றால் காசு கட்டுவது. அப்பிளே 2021இல் இதே காரணத்துக்காக ஆங்கிலச் சொல்லை மாற்றியது.

தொடரில் இரண்டு வகை இருப்பதற்கும் சொல் வேண்டும், ஏனென்றால் இதில்தான் விவரணக்காரர்கள் அடிக்கடி சறுக்குகிறார்கள். மூன்று அங்க விவரணத்தை ஏற்றிவிட்டு ஓடையின் வகையைக் கவனிக்காமல் விட்டால், செயலி அதைத் தனித்தனி நிகழ்ச்சிகளாக எண்ணி ஆகப் புதியதை மேலே வைக்கும். கேட்பவர் முடிவை முதலில் கேட்பார். ‘தொடர்வரிசை’ என்று குறித்தால் முதலாம் அங்கத்திலிருந்து தொடங்கும். மற்றதற்குத் ‘தனியங்க வரிசை’ என்று வைக்கலாம்.

சொல் முடிவானதும் பழைய தலைப்புகளைத் திருத்தப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தலைப்பை எத்தனை தரமும் மாற்றலாம். ஒவ்வொரு அங்கத்துக்கும் உள்ள அடையாளக்குறியை மட்டும் தொடாதீர்கள். அது மாறினால் பழைய அங்கங்கள் எல்லாம் புதியவை என்று எண்ணி எல்லாருடைய போனிலும் திரும்ப இறங்கும். நொடிக்கு 64 கிலோபிற் மோனோவில் அரை மணி அங்கம் ஒன்று 14.4 மெகாபைற்று, ஐம்பது அங்கம் என்றால் 720. டேற்றா வாங்கிக் கேட்கிறவர் உங்களை மன்னிக்கமாட்டார்.

ஓடையின் முகவரியில் எந்தக் கலைச்சொல்லையும் வைக்கவேண்டாம், தமிழிலும் சரி, ஆங்கிலத்திலும் சரி. சொல் நாளை மாறலாம், முகவரி மாறக்கூடாது. தமிழில் வைத்தால் இன்னொரு தொல்லை: ஒவ்வொரு குறியீடும் யூனிக்கோட்டின் யூரிஎஃப்-8 முறையில் 3 பைற்று, முகவரியாகும்போது 9 எழுத்து. ‘யாழ்ப்பாணம்’ என்ற ஒரு சொல் 99 எழுத்தாக நீளும். வட்ஸப்பில் அனுப்பினால் பாதியில் உடைந்தும் போகும்.

அப்பிளின் வகைப்பட்டியலில் ‘சமூகமும் பண்பாடும்’ என்பதன் கீழ்தான் டொக்கியூமென்ரரி இருக்கிறது. ஓடைக்குள் அந்த இடத்தில் அவர்கள் தந்த ஆங்கிலச் சொல்லையே எழுதவேண்டும்; ஒலி விவரணம் என்று எழுதினால் வகை ஏறாது. எங்கள் சொல் திரையில் காட்டுவதற்கு.

———

அனுப்பியவர்: தமிழ் கற்பித்தல், சாவகச்சேரி

சரி, வலையொளி புழக்கத்தில் இருப்பதை மறுக்கமுடியாது. ஒலியோடைக்கு உடன்படுகிறேன். ஆனால் அதைச் செய்கிறவரை ‘ஒலியோடையாளர்’ ஆக்கவேண்டாம், வாயில் நுழையாது. தயாரிப்பாளர் என்ற சொல் எதற்கு இருக்கிறது?

இன்னொன்று. பதிவு எவ்வளவு பலமாகக் கேட்கவேண்டும் என்பதற்கு அப்பிள் கேட்கும் -16 எல்கேஎஃப்எஸ் அளவைப் பற்றிப் பட்டியலில் உள்ள குறிப்பில் ‘சத்தம்’ என்று எழுதியிருக்கிறது. பள்ளிக்கூட விஞ்ஞானத்தில் ‘உரப்பு’ என்று படிப்பிக்கிறோம். பழைய நாடாவிலிருந்து எடுத்த பதிவை அப்படியே ஏற்றினால் உரப்புக் குறைந்து பஸ்ஸில் ஒன்றும் கேட்காது என்று எழுதினால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும்.

———

அனுப்பியவர்: ஒலிப்பதிவுப் பட்டியல், நல்லூர்

பட்டியலில் இப்படி ஏற்றுகிறேன். வடிவம்: ஒலி விவரணம், பிரதி முதலில் எழுதி வாசித்தவை மட்டும் உரைச்சித்திரம், வெட்டாத பதிவுகள் ஒலி ஆவணம். வழி: ஒலிபரப்பு, நேரலை, ஒலியோடை. அலகு: அங்கம். பொட்காஸ்ட், பாட்காஸ்ட், வலையொலி மூன்றையும் ‘ஒலியோடை பார்க்க’ என்று வழிகாட்டுப் பதிவாக வைக்கிறேன். அவற்றை அடித்துத் தேடுகிறவர் வெறுங்கையோடு திரும்பக்கூடாது. உரப்பும் ஏறுகிறது.

தொடர் தொடங்குமுன் ஏற்றும் இரண்டு நிமிட விளம்பரத் துண்டுக்கு என்ன போடுவது?

———

அனுப்பியவர்: வானொலித் தயாரிப்பு (ஓய்வு), கொக்குவில்

முன்னோட்டம். அதற்கும் புதுச்சொல் தேடவேண்டாம், தம்பி.