ஸ்கோடா லாரா 1.8 டிஎஸ்ஐ: காலைல மொத ஸ்டார்ட்ல ரெண்டு செகண்ட் கரகர சத்தம், டைமிங் செயின் தானா?

பாண்டி_லாரா:
எல்லாருக்கும் வணக்கம். என்கிட்ட இருக்கறது 2012 லாரா விஆர்எஸ், 160 பிஎஸ் 1.8 டிஎஸ்ஐ, 6 கியர் மேனுவல். செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது, இப்போ 94,000 ஓடியிருக்கு. ரெண்டு வாரமா காலைல மொத ஸ்டார்ட்ல மட்டும் தகர டப்பால ஆணியப் போட்டு குலுக்கற மாதிரி ரெண்டு மூணு செகண்ட் சத்தம் வந்துட்டு அப்புறம் சுத்தமா நின்னுடுது, அதுக்கப்புறம் நாள் முழுக்க ஓட்டினாலும் ஒண்ணுமில்ல, பிக்கப் அப்படியே இருக்கு, செக் இன்ஜின் லைட்டும் வரல. ஒரு பட்டறைல கெட்டி ஆயிலா 20டபிள்யூ50 ஊத்தினா நின்னுடும்ன்றாங்க, இன்னொரு இடத்துல டைமிங் செயின (கிராங்க் தண்டையும் வால்வத் திறக்கற கேம் தண்டையும் இணைக்கற சங்கிலி) இறுக்கிப் பிடிக்கற டென்ஷனர் மட்டும் மாத்திட்டா போதும்ன்றாங்க, யார் சொல்றத கேக்கறதுன்னே தெரியல. அடுத்த வாரம் அக்கா வீட்டு விசேஷத்துக்கு ஈசிஆர்ல சென்னை போகணும், போற வர 300 கிலோமீட்டர். போலாமா? இன்னொண்ணு, வீடு கோரிமேட்டுல, வாசல்ல நல்ல சரிவு, ஹேண்ட் பிரேக் கொஞ்சம் லூசுங்கறதால மேட்டப் பாத்து நிறுத்தி ஃபர்ஸ்ட் கியர் போட்டு வச்சிடுவேன்.

மஞ்சக்குப்பம்_டிஎஸ்ஐ:
தம்பி, மொதல்ல அந்த கியர்ல போட்டு நிறுத்தறத இன்னைக்கே விட்டுடு, ஹேண்ட் பிரேக்க சரி பண்ணு, அதுவரைக்கும் டயருக்கு கல்லு வை. இதே இன்ஜின்தான் என்னோடதும். எனக்கும் இதே மாதிரி காலை சத்தம் வந்துச்சு, ஒரு மாசம் கண்டுக்காம ஓட்டினேன். ஒரு நாள் சொந்தக்காரங்க வீட்டு ரேம்ப்புல கியர்ல நிறுத்தினேன், வண்டி ஒரு அடி பின்னால நகர்ந்து நின்னிருக்கு. காலைல சாவி திருப்பினா இன்ஜின் எந்தத் தடையும் இல்லாம விர்ருன்னு சுத்துது, பிடிக்கவே இல்ல. கம்ப்ரஷன் பாத்தா ரெண்டு சிலிண்டர்ல பூஜ்யம். ஹெட்டக் கழட்டினா இன்டேக் வால்வெல்லாம் வளைஞ்சு கெடக்கு. செலவு லட்சத்தத் தாண்டிடுச்சு, ரெண்டு மாசம் வண்டி பட்டறைலயே நின்னுச்சு. சத்தம் வந்த அன்னைக்கே பாத்திருந்தா செயின் கிட் செலவோட போயிருக்கும். சென்னைக்கு பஸ்ல போ தம்பி.

பட்டறை_மேட்டுப்பாளையம்:
நான் பாண்டி மேட்டுப்பாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பக்கம் பட்டறை வச்சிருக்கேன், ஜெர்மன் வண்டி நிறைய வரும், தெரிஞ்சத சொல்றேன்.

இந்த இன்ஜின்ல (இஏ888, ரெண்டாவது தலைமுறை) டென்ஷனர் ஆயில் பிரஷர்ல வேலை செய்யும். ஆஃப் பண்ணதும் பிரஷர் போயிடும், அப்போ உள்ள இருக்கற பல்லும் கொக்கியும்தான் டென்ஷனரோட பிஸ்டன் பின்னால போகாம பிடிக்கணும். பழைய டிசைன்ல அந்தக் கொக்கிதான் தேஞ்சோ உடைஞ்சோ போகுது, செயின் தொங்கிடுது, காலைல பிரஷர் ஏறுற வரைக்கும் செயின வழிநடத்தற கைடுல அடிக்குது, நீங்க கேக்கறது அதுதான். வண்டி சரிவுல பின்னால நகர்ந்தா கியர் வழியா கிராங்க் தலைகீழா சுத்தும், செயினோட இழுப்பு நேரா டென்ஷனர் மேலேயே வரும், கொக்கி விட்டுக் குடுத்தா செயின் பல்லு தாண்டிடும். வால்வும் பிஸ்டனும் இடிச்சுக்கற இன்ஜின் இது, மேல அண்ணன் சொன்னது அப்படித்தான் நடந்திருக்கும்.

கெட்டி ஆயில் ஊத்தவே ஊத்தாதீங்க. மேல போய்ச் சேர இன்னும் லேட்டாகும், சத்தம் கூடத்தான் செய்யும். கம்பெனி சொல்றது விடபிள்யூ (வோக்ஸ்வேகன்) 502 00 தரத்துல 5டபிள்யூ40, அதையே போடுங்க. இந்த இன்ஜினுக்கு ஆயில் குடிக்கற பழக்கம் உண்டு, லெவல் கம்மியானாலும் இதே சத்தம் வரும், அதனால இப்பவே டிப்ஸ்டிக்க எடுத்துப் பாருங்க.

ஆனா காதால மட்டும் கேட்டு முடிவு பண்ணக்கூடாது. சூடானப்புறமும் டிக் டிக்னு வந்துக்கிட்டே இருந்தா அது இன்ஜெக்டரும் ஹை பிரஷர் பம்ப்பும், அது இயல்பு. விசிடிஎஸ் (வண்டி கம்ப்யூட்டர லேப்டாப்புல படிக்கற ஸ்கேன் சாஃப்ட்வேர்) இருக்கறவங்ககிட்ட போய் மெஷரிங் பிளாக் 093ல கேம் ஃபேஸ் அளவு (கிராங்க விட்டு கேம் எவ்வளவு விலகியிருக்குன்னு காட்டறது) பாருங்க. பூஜ்யத்த ஒட்டி இருந்தா செயின் நல்லா இருக்கு, மைனஸ் 4 டிகிரியத் தாண்டினா செயின் நீண்டுடுச்சு. கேமும் கிராங்கும் ஒத்துப்போகலன்னு சொல்ற பி0016 எரர் கோடு வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க, அது வர்றப்போ ரொம்ப லேட். கீழ் டைமிங் கவர்ல ஒரு ரப்பர் பிளக் இருந்தா அதக் கழட்டி சின்ன கண்ணாடியோ கேமராவோ விட்டுப் பாத்தா பழைய டென்ஷனரா புதுசான்னு தெரிஞ்சிடும், பிஸ்டன்ல எத்தனை பல்லு வெளிய வந்திருக்குன்னும் தெரியும். அதிகமா வெளிய வந்திருந்தா அந்த அளவுக்கு செயின் நீண்டிருக்குன்னு அர்த்தம். வண்டிய ஓட்டிட்டு வராதீங்க, டவ்ல கொண்டு போங்க, நாலு சக்கரமும் மேல இருக்கணும்.

பாண்டி_லாரா:
ரொம்ப நன்றி சார், அண்ணனுக்கும் நன்றி. ஆயில் லெவல் சரியா இருக்கு. பிளாக் 093ல மைனஸ் 5.2 காட்டுது. பிளக் வழியா பாத்ததுல பழைய டைப் டென்ஷனர்தான். டென்ஷனர் மட்டும் போட்டா போதுமா, முழு கிட்டா?

பட்டறை_மேட்டுப்பாளையம்:
முழு கிட்டு, யோசிக்கவே வேணாம். செயின் நீண்டுடுச்சுன்னு அளவே சொல்லுதே, அதுமேல புது டென்ஷனர் போட்டா சத்தம் போகும், செயின் உள்ள அப்படியே இருக்கும். டென்ஷனர் 06கே 109 467 கே நம்பர்ல வர்ற புது டிசைனா பாத்து வாங்குங்க, 06ஹெச்ல ஆரம்பிக்கற பழைய ஸ்டாக்க யாராவது தள்ளப் பாப்பாங்க. கேம் செயின், எல்லா கைடும், பேலன்ஸ் ஷாஃப்ட் (இன்ஜின் அதிர்வக் குறைக்கற தண்டு) செயின், அதோட டென்ஷனர், எல்லாத்தையும் ஒரே தடவைல மாத்துங்க. கீழ் கவர் போல்ட்டெல்லாம் ஒரு தடவைக்குத்தான், 8 நியூட்டன் மீட்டர் வச்சு அப்புறம் 45 டிகிரி, பழசத் திரும்பப் போடக்கூடாது. கிராங்க் புல்லி போல்ட்டும் புதுசு, 150 நியூட்டன் மீட்டர் பிளஸ் 90 டிகிரி.

எங்க செஞ்சாலும் மெக்கானிக்கிட்ட மூணு விஷயம் கேளுங்க. கேம் கன்ட்ரோல் வால்வுல இடது மறை, தெரியாம எதிர்ப்பக்கம் திருகினா உடைஞ்சிடும், அதுக்குன்னு டி10352 டூல் இருக்கா. புல்லிய எடுத்ததும் கிராங்க் ஸ்ப்ராக்கெட் (செயின் மாட்டற பல் சக்கரம்) பல்லுல இருந்து நழுவும், அதப் பிடிச்சு வைக்க என்ன பண்ணுவாங்க. அப்புறம் முடிச்சதும் கையால ரெண்டு முழு சுத்து சுத்திப் பாப்பாங்களா. ரெண்டு சுத்துக்கப்புறம் செயின்ல இருக்கற கலர் லிங்க் மார்க்குக்கு நேரா வராது, அதப் பாத்து பயந்து திரும்பப் பிரிச்சவங்க இருக்காங்க, பாக்க வேண்டியது ஸ்ப்ராக்கெட் மார்க்க மட்டும்தான்.

பாண்டி_லாரா:
வேலை முடிஞ்சுது. மூணு நாள் ஆச்சு. டிரைவர் பக்க வீலக் கழட்டி, இன்ஜினக் கீழ தாங்கி வச்சு, மவுன்ட்ட எடுத்துட்டு அங்கேயே செஞ்சாங்க, இன்ஜின இறக்கல. பழைய டென்ஷனர் பிஸ்டன கையால அமுக்கினா அப்படியே உள்ள போகுது, கொக்கி பிடிக்கவே இல்ல. எத்தனை ராத்திரி அந்த சரிவுல நிறுத்தியிருப்பேன், நெனச்சா வயித்தக் கலக்குது. பழைய செயினையும் புதுசையும் பக்கத்துல தொங்கவிட்டுப் பாத்தப்போ வித்தியாசம் கண்ணுக்கே தெரிஞ்சுது. இப்போ ஃபேஸ் மைனஸ் 0.4. இன்னைக்கு காலைல சாவி திருப்பினேன், சத்தமே இல்ல. ஹேண்ட் பிரேக்கும் சரி பண்ணியாச்சு. விசேஷத்துக்கு பஸ்லதான் போனேன் அண்ணா.

பட்டறை_மேட்டுப்பாளையம்:
நல்லது. ஆயிரம் கிலோமீட்டர்ல ஆயிலும் ஃபில்டரும் இன்னொரு தடவை மாத்திடுங்க, கவர் ஓரத்துல டார்ச் அடிச்சு கசிவு இருக்கான்னு பாருங்க. அதுக்கப்புறம் 15,000 வரைக்கும் இழுக்காம 7,500க்கு ஒரு தடவை ஆயில் மாத்துங்க. மாத்தறப்போ எல்லாம் 093 அளவ ஒரு நோட்டுல எழுதி வைங்க.