கவுன்சிலிடம் காசு இல்லையாம்: உங்களுக்கு என்ன நடந்தது?

சனிக்கிழமை வாத்தியார்

எங்கள் தமிழ்ப் பள்ளி நடக்கிற சமூக மண்டபத்தை விற்கப் போவதாக உள்ளூராட்சி மன்றமான கவுன்சிலில் இருந்து கடிதம் வந்திருக்கிறது. ஊர் பெயர் வேண்டாம். இங்கிலாந்தின் தெற்குப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகை அடுத்தடுத்து ஏறியபோதே லேசாகச் சந்தேகம் இருந்தது. போன மாதம் கருத்துக் கேட்கிறோம் என்று ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். பெற்றோர், யோகா வகுப்புக்காரர்கள், வயோதிபர் மதியச் சாப்பாட்டுக் குழு என்று எல்லாரும் போனோம். எல்லாரிடமும் இருந்தது ஒரே கேள்விதான்: மண்டபத்தை விற்று வரும் காசில் எங்களுக்கு என்ன செய்து தருவீர்கள்?

ஒன்றும் இல்லை. அந்தக் காசு அன்றாடச் செலவுக்குப் போகிறது. சொத்தை விற்ற பணத்தில் சம்பளம் கொடுக்க வழக்கமாகச் சட்டம் விடாது. வேறு சொத்து வாங்கலாம், கட்டலாம், கடனை அடைக்கலாம். ஆனால் எங்கள் கவுன்சில் அரசிடம் ‘விதிவிலக்கான நிதி ஆதரவு’ வாங்கியிருக்கிறது. பெயரைக் கேட்டால் மேலிடத்தில் இருந்து பெரிய காசோலை வந்தது போலிருக்கும். வந்தது காசில்லை, அனுமதி. கடன் வாங்கியோ இருப்பதை விற்றோ இந்த வருடத்தைக் கடத்திக்கொள் என்கிற அனுமதி. 2025-26 நிதியாண்டுக்கு மட்டும் இங்கிலாந்தில் 30 கவுன்சில்களுக்கு அப்படிக் கொடுத்திருக்கிறார்கள்.

கூட்டத்தில் பதில் சொன்ன அலுவலர் பெண்மணி எதையும் ஒளிக்கவில்லை. அவரைப் பார்த்துச் சிலர் கத்தியதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. முடிவெடுக்கிற கவுன்சிலர்களில் ஒருவரும் அன்றைக்கு எட்டிப் பார்க்கவில்லை.

உங்கள் பக்கம் எப்படி? கேள்விப்பட்டதை விடுங்கள், நேரில் கண்டதை எழுதுங்கள்.

பழுப்புத் தொட்டி

எங்களுக்குப் பொதுக் குப்பைக்கான கறுப்புத் தொட்டி எடுப்பது இப்போது மூன்று வாரத்துக்கு ஒரு தடவை. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அது என்ன பாடு என்று சொல்லத் தேவையில்லை. தோட்டக் குப்பைக்குத் தனியாகக் காசு. ஆனால் வீட்டு வரியான கவுன்சில் டாக்ஸ் மட்டும் வருடா வருடம் தவறாமல் 4.99 சதவீதம் ஏறுகிறது. அதென்ன 4.99? செருப்புக் கடையில் விலை போடுகிற மாதிரி!

கணக்கர்

அதற்குக் காரணம் இருக்கிறது. சமூகப் பராமரிப்புப் பொறுப்பு உள்ள கவுன்சில் 5 சதவீதமோ அதற்கு மேலோ ஏற்ற வேண்டுமென்றால் உள்ளூரில் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். ஜெயிக்க மாட்டோம் என்று தெரிந்து யார் நடத்துவார்கள்? அதனால் கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே நின்றுவிடுகிறார்கள். அந்த 4.99இல் 2 சதவீதம் முதியோர், மாற்றுத்திறனாளிகள் பராமரிப்புக்கென்றே ஒதுக்கியது. மிகவும் சிக்கலில் இருப்பவர்களுக்கு அரசே கோட்டைத் தள்ளிவைக்கும். 2023இல் குரோய்டன் 15 சதவீதம் ஏற்றியது அப்படித்தான். 2024இல் பர்மிங்ஹாம் கிட்டத்தட்ட 10 சதவீதம்.

நான் ஒரு கவுன்சிலின் நிதிப் பிரிவில் சில வருடம் வேலை பார்த்தவன். எது என்று கேட்காதீர்கள். செலவுக் கட்டுப்பாடு என்று ஒன்று வந்த பிறகு, பிரிண்டர் மை வாங்கக்கூட ஒரு குழுவின் கையெழுத்து வேண்டும். எதை வாங்கினாலும் ஒரே கேள்வி: இது சட்டப்படி கட்டாயமா? ‘ஆம்’ என்றால் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று எழுத வேண்டும். பூங்கா ஊஞ்சலுக்கு நான் எந்தச் சட்டத்தை எழுதுவது? ஒரு பூங்காவில் ஊஞ்சலைக் கழற்றிவிட்டு இரும்புச் சட்டத்தை மட்டும் விட்டுவைத்தோம். இன்னும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்தக் கேள்விக்குள்தான் எல்லாமே இருக்கிறது. முதியோர் பராமரிப்பு, பெற்றோரிடம் இருக்க முடியாத பிள்ளைகள், வீடில்லாதவர்கள், சிறப்புத் தேவையுள்ள மாணவர்கள்: இவை சட்டப்படி செய்தே ஆக வேண்டியவை. தேவைப்படுவோர் கூடிக்கொண்டே போகிறார்கள். 2010க்குப் பிறகு மத்திய அரசின் மானியத்தைப் பெரிய அளவில் வெட்டினார்கள். முதியோர், பிள்ளைகள் இந்த இரண்டு பராமரிப்புக்குமே பாதிக்கு மேல் போய்விடுகிறது. மிச்சத்தில்தான் சாலை, நூலகம், பூங்கா, உங்கள் தொட்டி எல்லாம்.

நூலகப் பூனை

நூலகமும் சட்டப்படி கட்டாயம்தானே, கணக்கர் அண்ணா? 1964ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறதே.

கணக்கர்

இருக்கிறது. ‘முழுமையான, திறமையான சேவை’ என்று சொல்கிறது. எத்தனை கிளை, எத்தனை மணி நேரம், யார் நடத்துவது என்று சொல்லவில்லை. வெட்டுகிறவர்களுக்கு அந்த இடைவெளி போதும்.

நூலகப் பூனை

நான் அந்த இடைவெளிக்குள்தான் உட்கார்ந்திருக்கிறேன்! எங்கள் கிளையை மூடாமல் இருக்க அக்கம்பக்கத்தார் சேர்ந்து ஒரு குழுவாக எடுத்து நடத்துகிறோம். கவுன்சில் கட்டடத்தைக் கொடுத்தது, புத்தகம் சுற்றுக்கு விடுகிறது. சம்பளக்காரர் யாரும் கிடையாது. மாலையில் இரண்டு மணி நேரம் நான் இருப்பேன்.

புத்தகம் எடுக்க வருகிறவர்கள் குறைவு. யுனிவர்சல் கிரெடிட் என்கிற அரசு உதவித்தொகைப் படிவம் நிரப்ப, பஸ் பாஸ் புதுப்பிக்க, மாற்றுத்திறனாளிகள் வண்டி நிறுத்துவதற்கான நீல பேட்ஜுக்கு விண்ணப்பிக்க, பிரிண்ட் எடுக்க வருகிறவர்கள்தான் அதிகம். கவுன்சில் கவுன்ட்டரை மூடிவிட்டு ‘இணையத்தில் செய்யுங்கள்’ என்றார்கள். இணையம் இல்லாதவர் எங்கே போவார்? இங்கே வருகிறார். ஒரு ஐயா, கவுன்சில் டாக்ஸ் பாக்கிக்கு நீதிமன்ற அழைப்பாணை வந்த கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, என்னிடம் காட்டவா வேண்டாமா என்று அரைமணி நேரம் பத்திரிகை படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். அவருக்கு டாக்ஸ் குறைப்புக் கிடைக்கும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. 2013இல் இருந்து ஓய்வூதிய வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்தக் குறைப்பை எவ்வளவு கொடுப்பது என்று ஒவ்வொரு கவுன்சிலும் தானே முடிவு செய்கிறது. பக்கத்து ஊரில் ஒரு விதி, இங்கே ஒரு விதி. எனக்கு அதையெல்லாம் யாரும் பயிற்சி தரவில்லை. அவரோடு உட்கார்ந்து நானும் வாசித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இரவு ஷிஃப்ட்

நான் வீட்டுக்கு வீடு போய்ப் பராமரிப்பு வேலை செய்கிறேன். ஏஜென்சிதான் முதலாளி, காசு கொடுப்பது கவுன்சில்.

எண்பது தாண்டிய ஒரு அம்மாவிடம் காலையில் போவேன். எழுப்பி, குளிக்கவார்த்து, உடுப்பு மாற்றி, மாத்திரை கொடுத்து, டீயும் டோஸ்ட்டும். முக்கால் மணி நேரம் இருந்தது. தொலைபேசியில் ஒரு மறுமதிப்பீடு நடந்தது. ‘நன்றாக இருக்கிறீர்களா’ என்று கேட்டால் அந்தத் தலைமுறை ‘நன்றாக இருக்கிறேன்’ என்றுதானே சொல்லும்! நேரத்தை அரைமணி ஆக்கிவிட்டார்கள். இப்போது குளிப்பாட்டு ஒருநாள் விட்டு ஒருநாள். டோஸ்ட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு ஓடுகிறேன். அடுத்த வீட்டுக்குப் போகிற பஸ் நேரத்துக்கு எனக்குச் சம்பளம் ஒழுங்காக வருவதில்லை, அது தனிக்கதை.

ஏஜென்சிக்காரரையும் முழுசாகத் திட்ட முடியவில்லை. 2025 ஏப்ரலில் முதலாளிகள் கட்டுகிற தேசியக் காப்பீடு 13.8இல் இருந்து 15 சதவீதம் ஆனது. கட்டத் தொடங்கும் வரம்பையும் 9,100 பவுண்டில் இருந்து 5,000 ஆக இறக்கினார்கள். என்னை மாதிரிப் பகுதிநேர ஆட்களை நிறைய வைத்திருப்பவர்களுக்கு அது நேராக அடி. கவுன்சில் கொடுக்கிற மணிக்கட்டணம் அந்த அளவுக்கு ஏறவில்லை என்கிறார்கள்.

இன்னொன்று. பெற்றோர் இங்கே வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். சேமிப்பு 23,250 பவுண்டுக்கு மேல் இருந்தால் பராமரிப்புச் செலவு முழுவதும் அவர்கள் தலையில். 2010இல் வைத்த வரம்பு, இன்றுவரை அதே எண். வீட்டிலேயே பராமரிப்பு என்றால் வீட்டின் விலையைச் சேர்க்க மாட்டார்கள். இல்லத்துக்குப் போனால் பெரும்பாலும் சேர்ப்பார்கள், துணைவர் அங்கே வசித்தால் தவிர. வாழ்நாள் செலவுக்கு 86,000 பவுண்ட் உச்சவரம்பு வரும் என்றார்கள். 2024 ஜூலையில் அதையும் கைவிட்டுவிட்டார்கள்.

பழுப்புத் தொட்டி

எல்லாம் சரி. ஆனால் கேட்கத்தான் செய்வேன்: சிறப்புத் தேவைப் பிள்ளைகளுக்கு டாக்ஸி விட்டுப் பள்ளிக்கு அனுப்புகிறார்களே, அதில் எவ்வளவு போகிறது? மற்றப் பிள்ளைகள் பஸ்ஸில்தானே போகிறார்கள்?

ரெண்டு பிள்ளை அம்மா

அந்த டாக்ஸியில் போகிற பிள்ளை என் மகன். பள்ளி வாசலிலும் மற்றவர்கள் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள், நேராக அல்ல, என் காதில் விழுகிற மாதிரி.

அவனுக்கு ஏற்ற இடம் எங்கள் ஊர்ப் பள்ளிகளில் இல்லை. இருந்திருந்தால் நடத்தியே கூட்டிப்போவேன். கவுன்சில் தானே சிறப்புப் பள்ளி இடங்களைப் போதுமான அளவு கட்டாமல் விட்டதால்தான் பக்கத்து மாவட்டத்துத் தனியார் பள்ளிக்கு அனுப்புகிறது. அங்கே கட்டணமும் அதிகம், தூரமும் அதிகம். டாக்ஸி அதன் விளைவு. தூரத்தை நான் தேர்ந்தெடுக்கவில்லை.

அந்த இடமாவது சும்மா கிடைத்ததா? பிள்ளைக்கு என்ன உதவி தேவை என்று சொல்கிற இ.எச்.சி.பி. என்கிற திட்டம் எழுதி முடிக்க 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 20 வாரம் கெடு. எங்களுக்கு அதைவிட எவ்வளவோ தாண்டியது. முதலில் மதிப்பீடே தேவையில்லை என்றார்கள். தீர்ப்பாயத்துக்குப் போவதாக எழுதியதும், விசாரணைக்கு முன்பே ஒத்துக்கொண்டார்கள். எனக்குக் கோபம் அங்கேதான். கொடுக்க வேண்டியது என்று தெரிந்தும் தள்ளிப்போடுகிறார்கள், பாதிப்பேர் களைத்து விட்டுவிடுவார்கள் என்று. ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தயங்குகிற நம் ஆட்கள்தான் முதலில் விடுவார்கள்.

இந்தச் செலவில் கவுன்சில்களுக்கு விழுந்திருக்கும் பள்ளத்தைக் கணக்குப் புத்தகத்தில் தனியே ஒதுக்கி வைக்க அரசு அனுமதித்திருக்கிறது. முதலில் 2023 மார்ச் வரை என்றார்கள், அப்புறம் 2026 மார்ச் வரை, பிறகு 2028 மார்ச் வரை என்று நீட்டினார்கள். ஒதுக்கி வைத்தாலும் வட்டி ஓடுகிறது. கணக்கர் அண்ணா சரியா என்று சொல்லட்டும்.

கணக்கர்

சரிதான் தங்கச்சி. அந்தப் பள்ளத்தை மறுநாளே கணக்கில் சேர்த்தால் 114ஆம் பிரிவு அறிவிப்பு கொடுக்க வேண்டிய கவுன்சில்கள் நிறைய வரும்.

அந்த அறிவிப்பைப் பற்றிச் செய்தியில் ‘திவால்’ என்று போடுகிறார்கள். கவுன்சில் கம்பெனி மாதிரி திவாலாகாது. 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, வரவுக்குள் செலவு அடங்காது என்று தலைமை நிதி அலுவலர் எழுத்தில் எச்சரிக்கிறார். புதுச் செலவு நிற்கும், 21 நாளுக்குள் கவுன்சிலர்கள் கூடிப் பேச வேண்டும். சம்பளமும் கட்டாயச் சேவைகளும் தொடரும்.

2018இல் நார்தாம்டன்ஷயர் கொடுத்தபோது பல வருடங்களில் அதுதான் முதல். பிறகு அந்தக் கவுன்சிலையே கலைத்து 2021இல் இரண்டாக்கினார்கள். வோக்கிங் கடன் வாங்கி வானளாவிய கட்டடம் கட்டியது, தர்ரக் (Thurrock) கவுன்சில் சூரிய மின் நிலையங்களில் பணத்தைப் போட்டது. இவர்களை நான் பரிதாபப்பட மாட்டேன். கணக்கைக் கண்காணித்த தணிக்கை ஆணையத்தையே 2015இல் மூடிவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பர்மிங்ஹாம் கதை வேறு: சமையல், சுத்தம், பராமரிப்பு வேலை செய்த பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமாகக் கொடுக்காத சம்பளம் பல வருடம் கழித்துக் கடனாகத் திரும்பி வந்தது, கூடவே சொதப்பிய கணினித் திட்டம் ஒன்று. ஆனால் இப்போது உதவி கேட்டு நிற்பவர்களில் எந்தச் சூதும் ஆடாதவர்களும் இருக்கிறார்கள். அதுதான் எனக்குக் கவலை.

சூட்கேஸ் குடும்பம்

சுருக்கமாக எழுதுகிறேன். வீட்டுக்காரர் வீட்டைக் காலிசெய்யச் சொன்னார், வாடகை பாக்கி எதுவும் இல்லை. கவுன்சிலுக்குப் போனால் ‘பெய்லிஃப் (வீட்டைக் காலிசெய்விக்கிற நீதிமன்ற ஆள்) வரும்வரை வெளியே வராதீர்கள், முன்னாடியே வந்தால் வேண்டுமென்றே வீடிழந்ததாகிவிடும்’ என்றார்கள். வந்தார்கள். பிள்ளைகள் பள்ளியில் இருந்த நேரத்தில் நடந்தது, அந்த மட்டில் நல்லது. அப்புறம் ஒரே அறையில் ஹோட்டல், சமையல் இல்லை. அந்த அறைக்குக் கவுன்சில் கொடுத்த மாதக் காசு எங்கள் பழைய வாடகையைவிட அதிகம். ஏன் என்று கேட்டேன். தற்காலிகத் தங்கலுக்கு மத்திய அரசு திருப்பித் தருவது 2011 வாடகை விகிதத்தின் 90 சதவீதம்தானாம். மிச்சம் கவுன்சில் தலையில். பழைய வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்து எங்களை அங்கேயே வைத்திருக்கலாமே என்றால், அதற்கான நிதி அந்த வருடத்துக்குத் தீர்ந்துவிட்டதாம்.

சனிக்கிழமை வாத்தியார்

எழுதிய எல்லாருக்கும் நன்றி. கணக்கர் அண்ணா, எங்கள் மண்டபத்துக்கு என்ன விலை மதிப்பிட்டார்கள், யார் மதிப்பிட்டார்கள் என்று பார்க்க வழியுண்டா?

கணக்கர்

உண்டு. வருடக் கணக்கு வெளியானதும் 30 வேலைநாள், ஊர்க்காரர்கள் அதோடு தொடர்புள்ள ஒப்பந்தம், பில், ரசீது எல்லாவற்றையும் பார்க்கவும் நகல் எடுக்கவும் உரிமை இருக்கிறது. 2014ஆம் ஆண்டுத் தணிக்கைச் சட்டம். தேதி கவுன்சில் தளத்தில் ஒரு மூலையில் இருக்கும். அது இந்த வருடக் கணக்கில் இல்லாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பட்ஜெட்டை மார்ச் 11க்குள் நிறைவேற்றியாக வேண்டும், அதனால் பேச வேண்டியதை ஜனவரியிலேயே பேசுங்கள்.

பழுப்புத் தொட்டி

ரெண்டு பிள்ளை அம்மா, டாக்ஸி பற்றி நான் கேட்ட விதம் சரியில்லை என்றால் மன்னியுங்கள். எங்கள் தெருவில் ஒரு குடும்பத்துக்கு அதை நிறுத்திவிட்டு, மைலுக்கு இவ்வளவு என்று பெட்ரோல் காசு தருவதாகக் கடிதம் வந்திருக்கிறது. தாய் ஒருவர்தான், கார் இல்லை.

ரெண்டு பிள்ளை அம்மா

பரவாயில்லை. கார் இல்லாதவரிடம் பெட்ரோல் காசை ஏற்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. பெற்றோர் சம்மதம் வேண்டும். கடிதம் கிடைத்து 20 வேலைநாளுக்குள் மறுபரிசீலனை கேட்டு எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். அதிலும் மறுத்தால் இரண்டாம் கட்டமாகத் தனிக்குழுவிடம் போகலாம். தொலைபேசியில் பேசியது எதுவும் கணக்கில் வராது, எல்லாம் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். எழுத உதவி வேண்டுமென்றால் என்னை அவரோடு தொடர்புபடுத்துங்கள், என் பழைய கடிதங்கள் அப்படியே இருக்கின்றன.