மளிகைக் கடை கைமாறுகிறது: வேலையாட்களிடம் எப்போது, எப்படிச் சொல்வது?

கேள்வி (பட்டணத்துக்கடை):
மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் மளிகைக் கடை. அதை விற்கப்போகிறேன். சொந்தப் பேரில் பதிவு, செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் கம்பெனி) இல்லை. ஏழு வேலையாட்கள், கல்லாவில் இருக்கும் அக்காவுக்கு 11 வருஷ சர்வீஸ். விலை பேசியாச்சு, ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை. அதற்குள் ஒட்டுக்கடையில் பேச்சு வந்துவிட்டது. யாரிடம் முதலில் சொல்வது? நேராகக் கேட்டால் என்ன பதில் சொல்வது?

பதில் (கணக்குப்பிள்ளை):
அண்ணே, கையெழுத்துக்கு முன்னால் எல்லாரிடமும் சொல்ல வேண்டாம். பேரம் முறிந்தால் விற்பனையும் நடக்காது, பயந்த ஆள் வேறு கடைக்கும் போயிருப்பார். கல்லா அக்காவிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள். முன்பின் தெரியாத ஒருவர் வந்து அரிசி மூட்டையை எண்ணினால் அவருக்குப் புரியாமலா இருக்கும்? விற்பனைப் பேச்சை வெளியில் சொல்வதில்லை என்று வாங்குபவரோடு ஒப்பந்தம் போட்டிருந்தால் அவர் சம்மதத்தை முதலில் வாங்கிவிடுங்கள்.

மற்றவர்கள் கேட்டால் "இல்லவே இல்லை" என்று சாதிக்காதீர்கள். பிறகு நீங்கள் சொல்லும் சம்பளத் தேதியைக்கூட நம்பமாட்டார்கள். "இன்னும் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. போட்டால் ஊருக்குத் தெரியும் முன் உங்களிடம் சொல்வேன்." இவ்வளவு போதும்.

கையெழுத்தான அன்றே, கடை அடைத்தபின் ஏழு பேரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொல்லுங்கள். லீவில் இருப்பவருக்கு அதே நேரத்தில் போன். வாட்ஸ்அப்பில் போடவே போடாதீர்கள். கைமாறும் தேதி, கடைசிச் சம்பளம் யார் தருவது, சேமநிதியும் சொக்சோவும் (தொழிலாளர் காப்புறுதி) எந்த மாதம் வரை உங்கள் பேரில் கட்டப்படும், இதையெல்லாம் ஒரு பக்கக் கடிதமாக ஆளுக்கொன்று கொடுங்கள். "ஒண்ணும் மாறாது" என்ற வாக்கு மட்டும் வேண்டாம். அது இனி புது முதலாளி கையில்.

பதில் (தொழிலுறவு):
சட்டப் பக்கம்தான் பலர் கோட்டை விடுவது. 1980-ஆம் ஆண்டு பணிநிறுத்தப் பலன் (வேலை போனால் முதலாளி தரவேண்டிய தொகை) விதிகளின்படி, கைமாறிய ஏழு நாளுக்குள் புது முதலாளி பழையதற்குக் குறையாத நிபந்தனையில் வேலை தர முன்வர வேண்டும். தராவிட்டால் வேலை முடிந்ததாகக் கணக்கு. பலன் தொகைக்கு நீங்களும் அவரும் சேர்ந்தே பொறுப்பு.

தொகை: சர்வீஸ் ஒரு வருஷம் முடிந்து இரண்டுக்குக் குறைவானால் வருஷத்துக்கு 10 நாள் சம்பளம், இரண்டு முதல் ஐந்துக்குள் 15 நாள், ஐந்தும் அதற்கு மேலும் 20 நாள். அக்காவின் நாள் சம்பளம் 70 வெள்ளி (ரிங்கிட்) என்றால் 70 × 20 × 11 = 15,400 வெள்ளி. நோட்டீஸ் அதற்குத் தனி; 1955 வேலைச் சட்டத்தில் ஐந்து வருஷத்துக்கு மேல் எட்டு வாரம்.

அக்கா தொடர்ந்தால் அந்த 11 வருஷமும் அவரோடு போகும். வாங்குபவரிடம் இதை மறைத்தால் பிறகு விலையில் தகராறு வரும். வெளிநாட்டு ஆள் இருந்தால் அவருடைய வேலை பெர்மிட் உங்கள் பேரில் இருக்கும். கடையோடு தானாக மாறாது.

பதில் (மொத்தவியாபாரம்):
555 புத்தகத்தை (வாடிக்கையாளரின் கடன் கணக்கு எழுதும் சின்ன நோட்டு) மறந்துவிடாதீர்கள். பாக்கி உங்களுக்கா, வாங்குபவருக்கா என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். தோட்டத்தில் சம்பளம் போடுவதற்கு முன் செய்தி பரவினால் சிலர் கடனைத் தள்ளிப்போடுவார்கள். சம்பளம் போட்ட வாரத்தில், வாடிக்கையாளர் பாக்கி கட்ட வரும்போதே சொல்லுங்கள். பாக்கியை அவர் கண்முன் கூட்டி, உங்களிடமும் அவரிடமும் உள்ள இரு புத்தகத்திலும் கையெழுத்து வாங்குங்கள்.

சப்ளையரிடம் நீங்கள் போட்ட சொந்த ஜாமீன் கடை விற்றதும் தானாகத் தீராது. விடுவித்ததாக எழுத்தில் வாங்குங்கள். கடை வாடகைக்கு என்றால் கட்டட உரிமையாளர் சம்மதம் கையெழுத்துக்கு முன்பே வேண்டும்.

பட்டணத்துக்கடை:
நன்றி. அக்கா புது ஆளிடம் போகமாட்டேன் என்றால்?

தொழிலுறவு:
அதே இடம், அதே சம்பளம், அதே நேரம் கொடுத்தும் நியாயமான காரணம் இல்லாமல் மறுத்தால் பலன் கிடையாது. ஈப்போ கிளைக்கு வரச் சொன்னாலோ சம்பளத்தைக் குறைத்தாலோ அவர் மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஆகவே புது முதலாளி வாயால் சொல்வதை விட்டு, ஏழு நாளுக்குள் கடிதமாகவே கொடுக்கச் சொல்லுங்கள்.